காண்டீபம் நழுவிய வேளை

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே பேசுவதற்கு மாணவராகிய எங்களை அழைத்தபோது, "சமயமும் இளைஞரும்" என்றோ "தமிழின் தொன்மை" என்றோ ஏதாவதொரு பொருளை எடுத்துக்கொள்வோம் என்றுதான் பெரியவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நாங்கள் எழுதிக் கொடுத்த தலைப்பைப் பார்த்த பெரியவர் ஒருவர், "தம்பிமார், மங்கலமான நாளிலே இந்தக் கதை எதற்கு? பிறகொரு நாளைக்குப் பேசலாமே" என்றார். அவர் அன்பினாற் சொன்னார் என்பதை அறிவோம். ஆனால், இந்தக் கதைக்கு உகந்த நாள் என்று ஒரு நாளை நம்மூர்ப் பஞ்சாங்கம் இதுவரை குறித்ததில்லை. கலியாண வீட்டிற் பேசலாகாது; செத்த வீட்டிற் பேசவே கூடாது; வகுப்பறையிலே நேரமில்லை; கோயில் வீதியிலே இடமில்லை. பேசாமல் விட்டதனால் எங்களுக்கு ஓர் இழப்பு நேர்ந்தது. ஆகையால், பொறுத்தருளும்படி கேட்டுக்கொண்டு தொடங்குகின்றோம்.

உயர்தர வகுப்பிலே படித்த காலத்தில் நாங்கள் எட்டுப் பேர் ஒன்றாகச் சைக்கிளிற் போய்வந்தவர்கள். பாண்டிருப்பு, காரைதீவு, மருதமுனை என்று ஊர் வேறு. கோயில், பள்ளிவாசல் என்று வழிபடும் இடமும் வேறு. எனினும், மாலை ரியூசன் முடிந்தால் எட்டுச் சைக்கிளும் ஒரே தேநீர்க் கடை வாசலிலே சாய்ந்து நிற்கும். இன்று நாங்கள் ஏழு பேர். எட்டாமவன் பரீட்சை முடிவு வந்த மாதத்திலே தன்னுயிரைத் தானே முடித்துக்கொண்டான். அவன் பெயரை இங்கே சொல்லவேண்டியதில்லை. சொன்னால் அவனுடைய தாயார் இன்னொரு முறை வருந்துவார். எவ்வாறு நடந்தது என்பதையும் சொல்லமாட்டோம். அதை அறிவதனால் ஒருவருக்கும் நன்மையில்லை. மனம் நொந்திருப்பவர் எவரேனும் கேட்டால் அது தீங்காகவும் முடியலாம் என்று மருத்துவர் கூறுவர்.

சொல்லவேண்டியது வேறொன்று. அதற்கு முந்திய சில கிழமைகளாக அவன் எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். "எனக்கு ஒண்டும் ஏலாமக் கிடக்குடா" என்றான். "நித்திரையே இல்ல" என்றான். ஒருநாள் தன்னுடைய குறிப்புக் கொப்பிகள் எல்லாவற்றையும் எங்களில் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, "இனி எனக்கு இது எதுக்கு" என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம். "ஆம்பிளப் பிள்ளையாடா நீ? மூண்டு தரம் எழுதலாம்தானே" என்று தைரியம் சொன்னோம். ஒருவன், "வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போய் ஒரு அருச்சனை செய், எல்லாம் சரிவரும்" என்றான். நல்ல வார்த்தைகளே, கெட்ட எண்ணத்தோடு ஒருவரும் சொல்லவில்லை. ஆனால், எட்டுப் பேரிலே எழுவர் பேசினோம். அவன் சொன்னதை ஒருவராவது முழுவதுங் கேட்கவில்லை.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிற் சடங்கைப் பாராதவர் இங்கே இரார். பதினெட்டு நாளும் பாரதக் கதை ஊரோடு சேர்ந்து நடக்கும். வனவாசம் போகின்ற நாளிலே சனம் பின்னாலே போகும். அருச்சுனன் தவநிலைக்குச் செல்லும்போது கிழவிமார் கண்ணீர் விடுவர். கடைசியிலே தீமிதிப்பு. சிறு பிராயத்தில் தகப்பனார் தோளிலிருந்து அந்த அருச்சுனனைப் பார்த்து, வீரன் என்றால் இவனே என்று மயங்கி நின்றவர்கள் நாங்கள். அந்த வீரனுக்குக் குருக்ஷேத்திரத்திலே என்ன நேர்ந்தது என்பதைப் பிற்காலத்திற் கீதையின் முதலாம் அத்தியாயத்தைப் படித்தபோதுதான் கவனித்தோம். இரு படைக்கும் நடுவே தேர் நிற்கின்றது. அவனுக்கு அங்கங்கள் சோர்கின்றன, வாய் உலர்கின்றது, உடல் நடுங்கி மயிர் சிலிர்க்கின்றது, தோல் எரிகின்றது, தலை சுழல்கின்றது, நிற்க முடியவில்லை, காண்டீபம் கையிலிருந்து நழுவுகின்றது. இன்றைய மருத்துவ மாணவன் ஒருவனிடம் இக்குறிகளைச் சொல்லிப் பாருங்கள். "இது கடும் பதகளிப்பு" என்று உடனே கூறுவான். அவ்வளவோடும் நிற்கவில்லை. ஆயுதமில்லாது நிற்கும் தன்னைக் கௌரவர் கொன்றுவிட்டாலும் நன்மைதான் என்கின்றான் அருச்சுனன். உலகம் போற்றும் வில்லாளி, சாவை விரும்பி, வில்லைப் போட்டுவிட்டுத் தேர்த்தட்டிலே குந்திவிட்டான். அந்த அத்தியாயத்துக்குப் பெயரே விஷாதயோகம். விஷாதம் என்றால் துயரம், சோர்வு.

இதற்கு மேல் நடப்பதுதான் எங்களை உறுத்துகின்றது. கண்ணன் முதலிற் சொல்வது என்ன? இந்தப் பேடித்தனம் உனக்குத் தகாது, எழுந்திரு என்று கடிந்துகொள்கின்றான். நாங்கள் எங்கள் நண்பனுக்குச் சொன்னதும் அதுவே. அந்தக் கடிந்துரையால் அருச்சுனன் எழுந்தானா? இல்லை. தனக்குள்ள துயரத்தை இன்னும் விரித்துச் சொல்லி, போர் புரியேன் என்று கூறி, மௌனமாகிவிட்டான். பகவானே சொன்ன போதிலும் கடிந்த சொல் பலிக்கவில்லை என்பதைக் கீதையைப் பாராயணம் செய்கின்ற நாம் எத்தனை பேர் கவனித்திருக்கின்றோம்? அதன் பிறகுதான் கண்ணன் வேறு முறையிலே தொடங்குகின்றான். இரண்டு சேனைகளும் காத்து நிற்க, சங்குகள் ஊதி முடிந்திருக்க, தேரை ஓட்டாமல் நிறுத்திவைத்து, அவன் கேட்ட கேள்விக்கெல்லாம், கேட்டதையே திரும்பக் கேட்டபோதும், சலிக்காது விடை சொல்கின்றான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு முடிவை அவனிடமே விடுகின்றான். வேதாந்தம் அறிந்த பெரியோர் இதற்கு வேறு உட்பொருள் கூறுவர்; அதை மறுக்க எங்களுக்குப் படிப்புப் போதாது. எங்களுக்குத் தெரிந்தது, எட்டாமவனுக்காக நாங்கள் ஒருவரும் தேரை நிறுத்தவில்லை என்பதே.

மிஷன் பாடசாலையிலே கற்றவர்கள் நாங்கள். காலைப் பிரார்த்தனையிற் கேட்ட கதையொன்றையும் இங்கே சொல்லலாம் என்று நினைக்கின்றோம். இந்து இளைஞர் மன்றத்திலே விவிலியக் கதையா என்று யாரும் முகஞ்சுழிக்கமாட்டீர்கள். காரைதீவிலே 1892இற் பிறந்த நம்முடைய சுவாமி விபுலாநந்தரும் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் படித்தவரே. எலியா என்னும் தீர்க்கதரிசி வனாந்தரத்திலே ஒரு செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு, தன் உயிரை எடுத்துவிடும்படி ஆண்டவனிடம் கேட்டார். வந்த தேவதூதன் விசுவாசம் குறைந்துவிட்டதா என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, அடையையும் தண்ணீரையும் கொடுத்து, சாப்பிடு என்றான். அவர் உண்டு மறுபடியும் நித்திரைகொண்டார். தூதன் இரண்டாந்தரமும் வந்து சாப்பாடு கொடுத்தான். உபதேசம் பிறகே வந்தது. நம்முடைய முஸ்லிம் சகோதரர்களின் வேதத்திலும் யஃகூப் நபி அவர்கள் மகன் யூசுபை இழந்த துயரத்தால் அழுதழுது கண் வெளுத்துப் போனதாகக் கூறப்படுகின்றது. அவர் நம்பிக்கையற்றவர் என்று எவரும் சொல்வதில்லை. துயரம் பக்தியின்மையன்று.

இனி மருத்துவர் கூறுவதைச் சிறிது பார்ப்போம். கவலை வேறு, நோய் வேறு. பரீட்சைக்கு முந்திய இரவு நெஞ்சு படபடப்பது நோயன்று. அது இல்லாவிட்டால் நாம் புத்தகத்தைத் தொடவே மாட்டோம். ஆனால் காரணம் இல்லாமலும், காரணம் நீங்கிய பின்னும், மாதக்கணக்காக அந்தப் படபடப்பு விடாது நின்று, படிக்கவும் உண்ணவும் உறங்கவும் விடாமற் செய்தால் அது பதகளிப்பு நோய். மனச்சோர்வு என்பதும் அப்படியே. இரண்டு கிழமைக்கு மேலாக நாளின் பெரும் பகுதியும் மனம் இருண்டு கிடத்தல், முன்பு விருப்பமாயிருந்த கிரிக்கெற்றோ பாட்டோ கூட்டாளிமாரோ எதிலும் பற்றில்லாமற் போதல், நித்திரை கெடுதல் அல்லது எந்நேரமும் படுத்துக் கிடத்தல், பசியின்மை, களைப்பு, நான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு: இவற்றிற் பல கூடி நின்றால் அது சோம்பலுமன்று, திமிருமன்று. 2019ஆம் ஆண்டுக்குரிய கணக்கின்படி உலகிலே ஏறக்குறைய 28 கோடிப் பேருக்கு மனச்சோர்வும் 30 கோடிப் பேருக்குப் பதகளிப்பும் இருந்தன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

நம்மவரிடத்திலே இந்நோய் வேறு வேடம் பூண்டு வரும். "மனம் சோர்ந்து கிடக்கு" என்று நம்மூரார் சொல்வது குறைவு. "நெஞ்செரியுது", "தலை இடிக்குது", "கைகால் விறைக்குது", "உடம்பெல்லாம் உளையுது" என்பர். மிஞ்சினால் "யோசின கூடிப் போச்சு" என்பர். வைத்தியசாலை வெளிநோயாளர் வரிசையிலே கிழமைக்குக் கிழமை நின்று, இருதயப் படம் எடுத்து, இரத்தம் சோதித்து, ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பும் தாய்மார் எத்தனை பேர்! ஒன்றுமில்லை என்று கேட்கவா அவர்கள் போனார்கள்? ஏதோ இருக்கின்றது என்பது அவர்களுக்குத் தெரியும்; அதற்குப் பெயர்தான் தெரியாது.

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். நீண்ட கைச் சட்டையால் மறைத்துக்கொண்டு திரியும் அப்பிள்ளைகளை "நடிப்பு" என்றும் "காதல் விவகாரம்" என்றும் பேசிவிடுகின்றோம். அவர்களிற் பலர் சாக விரும்புகின்றவரல்லர். சொல்லில் அடங்காத உள்நோவை வெளிநோவாக்கிச் சிறிது நேரம் ஆறுகின்றவர்கள். அதற்காக அஃது அற்பமான விஷயமுமன்று. இவ்வாறு செய்தவர்கள் பிற்காலத்தில் உயிராபத்துக்கு உள்ளாவது மற்றவரிலும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அடித்து நிறுத்தக்கூடியதன்று, கெஞ்சி நிறுத்தக்கூடியதுமன்று. என்ன நோகின்றது என்று கேட்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

நமது நாட்டின் கணக்கைச் சொன்னால் பலருக்கு வியப்பாயிருக்கும். 1995ஆம் ஆண்டிலே இலங்கையில் 1 இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். அக்காலத்தில் உலகிலே மிக உயர்ந்த வீதங்களில் அஃதொன்று. இருபது ஆண்டுகளின் பின் அவ்வீதம் மூன்றிலொரு பங்கிற்கும் கீழே இறங்கிவிட்டது. இந்த இறக்கத்துக்கு முதற் காரணம் எது? போரும் அலையும் வந்த காலம் அது; மக்கள் துயரம் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லத் துணியார். வயலுக்கு அடிக்கும் மருந்துகளுள் மிகக் கொடிய நஞ்சு எவையோ அவற்றை அரசாங்கம் 1984 முதற் படிப்படியாகத் தடைசெய்தது. 1995இலும் 1998இலும் 2008ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் பெருந் தடைகள் வந்தன. 1995க்கும் 2015க்கும் இடையே ஏறக்குறைய 93,000 உயிர்கள் இதனாற் பிழைத்தன என்று ஆய்வாளர் மதிப்பிட்டிருக்கின்றனர். வேளாண்மை விளைச்சல் இதனால் விழுந்துவிடவுமில்லை.

"சாக நினைத்தவன் வேறு வழி தேடமாட்டானா?" என்று கேட்பீர்கள். நாங்களும் அவ்வாறே கேட்டோம். விடை அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி வைத்தியசாலைகளிற் பிழைத்துக் கிடந்தவர்களை விசாரித்தறிந்த மருத்துவரிடம் இருந்தது. அவர்களிற் பெரும்பாலோர் நெடுநாளாகத் திட்டமிட்டவரல்லர். ஒரு கோபம், ஒரு ஏச்சு, ஒரு மானக்கேடு. முடிவு செய்ததற்கும் கைநீட்டியதற்கும் இடையிலே பலருக்கு அரை மணி நேரமும் இருக்கவில்லை. அந்த அரை மணியிற் கைக்கு எட்டியது கொடிய நஞ்சாக இல்லாவிட்டால் அவர் பிழைப்பார். அந்த அரை மணியில் ஒருவர் பக்கத்திலிருந்தால் கைநீட்டாமலே விடவும் கூடும். அலை ஏறுவதுபோல் ஏறும் அந்த எண்ணம் அலைபோலவே இறங்கவும் செய்யும். வயல் வேலை செய்கின்ற பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம்: மருந்தைத் தாழ்வாரத்திலே வைக்காதீர்கள். பூட்டிவையுங்கள், இயலுமானால் வீட்டிலே வைக்கவே வேண்டாம்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மிலும் பிந்தியே கண் திறந்தது. தற்கொலை என்னும் சொல்லிலேயே கொலை ஒன்று கிடக்கின்றது. ஆங்கிலேயர் எழுதிக் கொடுத்த தண்டனைச் சட்டக்கோவைப்படி, முயன்று தப்பியவர் குற்றவாளி. ஓராண்டு வரை சிறையிடலாம். தங்கள் நாட்டிலே அந்தச் சட்டத்தை ஆங்கிலேயர் 1961இல் நீக்கிவிட்டார்கள். நாமோ 1998 வரை வைத்துக் காப்பாற்றினோம். கட்டிலிலே கிடப்பவனுக்கு வைத்தியரோடு பொலிசுக்காரரும் வந்தால் அவன் யாரிடம் வாய் திறப்பான்? இன்று அது குற்றமன்று என்பதை அறியாதவர்கள் நம்மூரில் இன்னும் இருக்கின்றார்கள். பொலிசுக்குப் பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப் பிந்தினால் ஓர் உயிர் போய்விடும். ஆதலால் இதைச் சற்று அழுத்தியே சொல்கின்றோம்.

இந்தக் கரையிலே துயரத்துக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். அன்று அம்பாறை மாவட்டத்தின் கரையிலே மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். எங்களிற் பலர் அப்போது தொட்டிலிற் கிடந்தவர்கள். அலையைக் கண்ட நினைவு எங்களுக்கு இல்லை. ஆனால் கண்டவர்களின் மடியிலே வளர்ந்தோம். மழை இரைந்தால் எழுந்து உட்காரும் தாயையும், கடற்கரைப் பக்கம் போகவே மறுக்கும் மாமாவையும் பார்த்துப் பார்த்து, அது இயல்பென்றே நினைத்தோம். அதற்கு முன்னும் பின்னும் போர்; 2009இல் அது முடிந்தபோது நாங்கள் சின்ன வகுப்பிலே இருந்தோம். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், போர் நம் மனத்தில் விட்ட வடுக்களைப் பற்றி 1998இல் ஒரு நூல் வெளியிட்டார். காயப்படுவது தனி மனிதன் மாத்திரமல்லன், குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்பதைப் பின்னரும் வற்புறுத்தி எழுதிவந்தார். ஊரே காயப்பட்டிருந்தால், யார் யாருக்கு மருந்து போடுவது? அதனாலேதான் ஒவ்வொரு வீட்டிலும் "அலையிலயே தப்பின நாங்க, உனக்கு ஒரு பரீட்சை பெரிசா?" என்ற பேச்சு வருகின்றது. பெரியோர்களே, உங்கள் துயரம் மலை, மறுக்கவில்லை. ஆனால் மலையைக் காட்டிக் கல்லடி பட்டவனின் வாயை மூடலாமா?

கோயிலையும் பரிசாரியாரையும் நாங்கள் பழிக்க வந்தோமல்லோம். பேய்ப் பார்வை என்று கட்டாடியாரிடம் போவோரும், ஓதிய தண்ணீர் வாங்கக் காத்திருப்போரும் அங்கே முதன்முதலாகத் தம் கதையை ஒருவரிடம் சொல்கின்றார்கள்; அதனால் ஓர் ஆறுதலும் பெறுகின்றார்கள். வைகாசியிலே கண்ணகை அம்மனுக்குக் குளுத்தி பாடுகின்றோம். மதுரையை எரித்த அந்தப் பெண்ணின் நெஞ்சு ஆறவேண்டுமென்று ஊர் முழுவதும் கூடி நின்று பாடுகின்றது. "நீ எரித்தது பிழை" என்று அவளுக்கு எவரும் புத்தி சொல்வதில்லை. குளிரம்மா, குளிர் என்ற வேண்டுதல் ஒன்றே. இவ்வளவு அறிந்த ஊர், அடுத்த வேலியிலே நெஞ்செரிந்து கிடக்கும் பெண்ணை ஏன் "விசர்" என்கின்றது? நூல் கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கட்டிய கையோடு வைத்தியரிடமும் கூட்டிப் போங்கள். கட்டி வைத்து அடித்தாற் பேய் போகும் என்று எவராவது சொன்னால் மாத்திரம் அவ்வீட்டுப் படலையைத் தாண்டாதீர்கள்.

வைத்தியம் என்றதும் "அங்கொடை" என்ற ஒரு சொல்லால் ஊர் வாயடைத்துவிடுகின்றது. அது பழைய பயம். மனநோய் கண்டவரையெல்லாம் கொழும்புக்கு அனுப்பிப் பூட்டிவைத்த காலம் போய்விட்டது. 2005இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசிய மனநலக் கொள்கை, சிகிச்சை ஊருக்கு அருகே கிடைக்கவேண்டும் என்பதையே அடிப்படையாகக் கொண்டது. மனச்சோர்வுக்கு மாத்திரை உண்டு. சுவிற்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் குன் 1957இல் முதன்முதல் அத்தகைய மருந்தொன்றைப் பற்றி எழுதினார். அதன் பின் எத்தனையோ நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அவை பலன் காட்ட இரண்டு மூன்று கிழமை எடுக்கும். ஆகையால் நாலாம் நாள் "சுகமில்லை" என்று எறிந்துவிடலாகாது. சுகம் வந்ததும் தானாக நிறுத்தவும் கூடாது. மாத்திரை வேண்டாத பலருக்குப் பேச்சே மருந்து. உளவளத்துணை என்று அதற்குப் பெயர்.

பேச்சு மருந்தாகும் என்பதை உலகம் எவ்வாறு கண்டறிந்தது என்பதும் சுவையான கதை. சாட் வரா என்ற ஆங்கிலப் பாதிரியார், தாம் முதன்முதல் அடக்கம் செய்த உடல் 14 வயதுச் சிறுமி ஒருத்தியுடையது என்கின்றார். அது 1935இல். பெண்மை அடைந்ததன் அறிகுறியைக் கொடுநோய் என்று எண்ணி, கேட்பதற்கு ஒருவருமின்றி அப்பிள்ளை உயிர் விட்டிருந்தாள். அந்த நினைவு மாறாத பாதிரியார் 1953இல் இலண்டனிலே தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, நம்பிக்கை இழந்தோர் அழைக்கலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. பாதிரியாரைக் காணும் முறைக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக்கொடுக்கச் சில தொண்டர்கள் இருந்தனர். சில நாளிலே ஓர் அதிசயம் தெரிந்தது. வந்தவர்களிற் பலர் தேநீரைக் குடித்து, தொண்டரிடம் மனத்தைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைக் காணாமலே வீட்டுக்குப் போனார்கள்! படித்த புத்திமதியைவிடப் படியாத செவி பலருக்குப் போதுமாயிருந்தது. அந்த வழியிலே வந்ததுதான் 1974இல் இலங்கையில் ஆரம்பித்த சுமித்ரயோ. சென்னையிலே 1986இல் தொடங்கிய சிநேகாவும் அதே தொண்டைச் செய்கின்றது.

இலண்டனுக்குப் போகவேண்டியதில்லை, மருதமுனை போதும். எட்டாமவன் போனபின் எங்கள் ஏழு பேரில் ஒருவனுக்கு அதே இருள் வந்தது. கொப்பிகளை வாங்கிக்கொண்டவன் அவன்தான். ஒருநாள் பின்னேரம் புத்தகம் திருப்பிக் கொடுக்கும் சாட்டிலே மருதமுனைக் கூட்டாளி வீட்டுக்குப் போனான். கூட்டாளி இல்லை. அவனுடைய உம்மா தறியிலே இருந்தார். முகத்தைப் பார்த்தார், தறி நின்றது. "என்ன மனே, முகம் இப்பிடிக் கிடக்கு?" "ஒண்டுமில்ல உம்மா." "ஒண்டுமில்லாத முகமா இது? இரி." பிளேன்ரீ வந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த உம்மா நேரே கேட்டார்: "உசிரோட இருக்க மனமில்லாமக் கிடக்கா மனே?"

அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று நாமெல்லாம் பயப்படுகின்றோம். ஊட்டாது, கேட்டுவிட்டால் பாரம் குறைகின்றது என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. உம்மாவுக்கு ஆய்வு தெரியாது. அவன் அழுதான். அவர் "அழாதே" என்றும் சொல்லவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு வந்து மறுபடியும் பக்கத்தில் இருந்தார், சோறு தின்னவைத்தார், இரவு வீட்டுக்கு விடவில்லை. அவன் வீட்டாருக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாட் காலை வாப்பா தம் மோட்டார் சைக்கிளிலே ஏற்றிக்கொண்டு வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். ஆறு மாதம் மருந்தும் பேச்சுமாகச் சென்றது. நடுவிலே இரண்டு முறை மனம் சறுக்கியது. இப்போது படிக்கின்றான். அவன் இம்மண்டபத்திலே இருக்கின்றானா என்று திரும்பித் தேடவேண்டாம்.

பரீட்சையைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. இசற் புள்ளி வெளிவரும் நாளிலே நம்மூர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி அடிப்பது வாழ்த்துவதற்கு மாத்திரமல்ல, விசாரணைக்கும்தான். "எவ்வளவு? டொக்டரா, இஞ்சினியரா?" என்று கேட்கின்ற மாமா மாமிமார் ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன? பல்கலைக்கழகம் புகுந்த எங்களுடைய படங்களைப் பதாகையிலே அச்சடித்துச் சந்தியிற் கட்டினீர்கள். மகிழ்ந்தோம். அதே சந்தியாலே எட்டாமவனும் சைக்கிளிற் போனான். தமிழ்நாட்டிலே தவறிய மாணவர் அதே ஆண்டிலேயே மீண்டும் எழுத வகை செய்திருக்கின்றார்கள். ஓர் ஆண்டு முழுவதும் தோல்வியோடு வீட்டிலே இருக்கும் நிலை இதனாற் குறைகின்றது. நம் நாட்டிலே அதை யார் செய்வது என்று நாங்கள் அறியோம். பதாகையைச் சந்தியிலே கட்டுவதா விடுவதா என்பதை இந்த மன்றம் தீர்மானிக்கலாம். அடுத்த நிர்வாகக் கூட்டத்திலே அதைப் பிரேரணையாகக் கொண்டுவர இருக்கின்றோம். எதிர்ப்பவர்கள் தாராளமாக எதிர்க்கலாம்.

இரவு நேரத்திலே ஒருவரும் இல்லையென்று தோன்றினால் 1926 என்னும் இலக்கத்தை அழையுங்கள். தேசிய மனநல நிறுவனம் நடத்துவது. இராப்பகலாக, தமிழிலும் பேசலாம். வாசிகசாலைக் கதவின் உட்புறத்திலே இவ்விலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கின்றோம். வெளிப்புறத்திலே ஒட்டினால், நின்று பார்ப்பவனை வீதியிற் போவோர் பார்ப்பார்கள் என்று எங்களில் ஒருவர் சொன்னார், சரியென்று பட்டது.

நேரமாகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கின்றார். அடுத்து வில்லுப்பாட்டு இருக்கின்றது. அது முடிந்து கூட்டம் கலைந்தபின் எங்களில் மூவர் வாசிகசாலைத் திண்ணையிலே இருப்போம். தேநீர்க் கடையிலே சொல்லிவைத்திருக்கின்றோம், பிளேன்ரீ வரும். பேச விருப்பமுள்ளவர்கள் வரலாம். பேச விருப்பமில்லாமல் குந்தியிருக்க விரும்புகின்றவர்களும் வரலாம். அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரமும் இருப்போம்.